கிணற்றை அளக்கும் பிள்ளையைக் கைவிடலாமா?

(கமக்காரரும் ஆசிரியரும் மாணவரும் கூடிய கிராமக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



எம்மை இங்கு அழைத்தவர்கள் நாம் சட்டத்தைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நாம் பேச வந்ததோ ஒரு கொப்பியைப் பற்றி. நாற்பது பக்கமுள்ள, பள்ளிப் பிள்ளைகள் கணக்கெழுதும் சாதாரண கொப்பி அது. ஆனால் அந்தக் கொப்பி எமக்குக் கற்பித்த பாடத்தை எத்தனையோ சட்ட நூல்கள் கற்பிக்கவில்லை என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கமக்காரர் எம் கந்தோருக்கு வந்தார். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியுடனேயே இதைச் சொல்கிறோம். பெயரையும் ஊரையும் சொல்லமாட்டோம். தம் தோட்டக் காணியை ஈடு வைத்து, மகளைப் படிப்பு முடிந்தவுடன் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குப் பணம் பெற விரும்பினார். ஈட்டுறுதி எழுத வேண்டும் என்பதே அவர் வந்த காரியம். மகளும் உடன் வந்திருந்தார். சர்வகலாசாலையில் தொழினுட்பம் பயிலும் மாணவி. கையிலே அந்தக் கொப்பி.

"ஐயா, இவள் படிக்கிறது ஒன்று, செய்யிறது ஒன்று. லீவில வந்தாலும் ஊர்க் கிணறெல்லாம் சுத்தித் திரியிறாள். காலநிலை, காலநிலை எண்டு ஒரே கதை. நீங்களாவது ஒரு புத்தி சொல்லுங்கோ" என்றார் தகப்பனார்.

நாமும் புத்தி சொன்னோம். "பிள்ளை, முதலில் படிப்பை முடியும். தொழிலொன்றைத் தேடும். காலநிலை விவகாரங்களையெல்லாம் பின்னர் ஆறுதலாகப் பார்க்கலாம்" என்றோம். பெரியவர்கள் வழமையாகச் சொல்லும் புத்திதான்.

அம்மாணவி சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் கேட்டார்: "ஐயா, நீங்கள் ஒரு வழக்கை எடுத்தால் சாட்சியத்தை வழக்கு முடிந்த பிறகா தேடுவீர்கள்?"

இருபது ஆண்டுக்கு மேலாக நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணை செய்த எமக்கு அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை. அந்த விடையைத்தான் இன்று உங்கள் முன் தேடப்போகிறோம்.

கொப்பி சொன்ன கதை

அந்தக் கொப்பியில் இருந்தவை வெறும் எண்கள். கடலுக்கு அண்மையிலிருந்து ஊரின் நடுப்பகுதி வரை நான்கு கிணறுகள். கிழமைக்கு ஒருநாள், காலையில் இறைப்பு இயந்திரம் இயங்குமுன்பும், மாலையில் அது ஓய்ந்த பின்பும் நீர்மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று திகதியிட்டு எழுதியிருந்தார். நீர் மின்சாரத்தைக் கடத்தும் வலுவைக் கொண்டு உப்பை மதிப்பிடும் ஒரு சிறு கருவி. நீர்மட்டத்தைக் காட்டும் மிதவை ஒன்று. தாமே செய்த மழைமானி ஒன்று. இவ்வளவுதான் அவருடைய ஆய்வுகூடம்.

தகப்பனாரின் வெங்காயத் தாள்கள் நுனி கருகியபோது அவர் நோய் என்று எண்ணி மருந்து வாங்கித் தெளித்தார். அடுத்த மாதமும் தெளித்தார். மகளின் கொப்பியோ, அவ்விரு மாதங்களிலும் அக்கிணற்றின் உப்பு கிழமைக்குக் கிழமை ஏறி வந்ததைக் காட்டியது. வெங்காயம் உவரைத் தாங்காத பயிர்களில் ஒன்று. அதிலும் பார்க்கப் பீற்றூட் தாங்கும். நோயில்லாத பயிருக்கு மருந்தடித்தோம். நோயுள்ள கிணற்றை விட்டுவிட்டோம். இத்தவறு அந்தக் கமக்காரர் ஒருவருடையது மாத்திரமா? நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள்.

நிலத்தின் கீழ் நடப்பது என்ன?

எமது குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மாத்திரமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. ஆகையால் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் நூறாண்டுக்கு மேலாக அறிந்த கணக்கு. கல்லின் பிளவுகளைப் பொறுத்து இக்கணக்கு இடத்துக்கிடம் பிசகலாம்; ஆனால் அது காட்டும் திசை பிசகாது.

இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறி வரும்! துலா மிதித்து இறைத்த எம் பாட்டன்மார் களைத்தபோது கிணறும் ஓய்வெடுத்தது. இயந்திரம் களைப்பதில்லை, ஆதலால் கிணற்றுக்கும் ஓய்வில்லை.

இதன்மேல் காலநிலை மாற்றம் வந்து சேர்கிறது. உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சதம மீற்றர் உயர்ந்துள்ளது. காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கக்கூடியது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது; பெய்யாதபோது காய்கிறது. மெல்லப் பெய்து நிலத்தில் இறங்கவேண்டிய மழை, ஓரிரு நாளில் கொட்டி, வாய்க்காலை உடைத்துக் கடலுக்கு ஓடிவிடுகிறது. வெள்ளத்தில் நின்றுகொண்டே நாம் நீருக்கு ஏழையாகிறோம்.

கடல்நீரை நன்னீராக்கினால் போதாதா என்று சிலர் கேட்பர். 2024 ஆகஸ்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய நிலையம் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது பயன், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்க ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்துக்கு நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தால் வானம் மேலும் சூடாகும். அந்நீரைக் கொண்டு வெங்காயத்துக்கு இறைத்துக் கட்டுபடியாகுமா? நீரையும் மின்சாரத்தையும் காலநிலையையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பூட்டமுடியாது. ஒன்றைத் தொட்டால் மற்றையது அசையும். தொழினுட்பம் படிக்கும் பிள்ளை காலநிலையையும் படிப்பது படிப்பை விட்டு விலகுவதன்று. அதுவே படிப்பின் நிறைவு.

எம்மவர் காட்டிய வழி

இது எமக்குப் புதிய வழியுமன்று. நீர்ப்பாசன எஞ்சினியர் எஸ். ஆறுமுகம் அவர்கள் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடனீரேரியில் கொண்டுவந்து சேர்க்கும் நீரை உவராக விடாது மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவந்து, குடாநாட்டின் நிலத்தடி நீரை வளமாக்குவதே அதன் உள்ளக்கிடக்கை. அணை கட்டும் தொழிலறிவும், மழையும் மண்ணும் அறிந்த அறிவும் ஒரு மனிதரிடம் கூடியிருந்தமையாலேயே அத்தகைய திட்டம் பிறந்தது. எழுபதாண்டு கடந்தும் அது முழுமை பெறவில்லை. குறை அறிவிலா? அன்று, அதைக் காத்துத் தொடர்ந்து கேட்கும் மக்கள் சக்தியிலேயே குறை.

வெளியுலகத்திலிருந்தும் ஓர் உதாரணம் சொல்வோம். 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சார்ள்ஸ் டேவிட் கீலிங் என்ற 29 வயது விஞ்ஞானியின் கருவி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியது. பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்கு என்று காட்டியது. நாளாந்தம் அளப்பது வீண் வேலை என்று எண்ணியோர் அன்றும் இருந்தனர். 1964இல் பணம் போதாமல் சில மாதங்கள் அளவை நின்றே போயிற்று. இன்று அந்த எண் 420ஐத் தாண்டிவிட்டது. உலகம் சூடாவதற்கு மனிதன் எரிக்கும் எரிபொருளே காரணம் என்ற வழக்கில் அந்த இளைஞரின் ஏடு முதற் சாட்சிகளுள் ஒன்று. 1964இன் இடைவெளியை மாத்திரம் எவராலும் நிரப்ப முடியவில்லை. அளக்காமல் விட்ட நாள் திரும்ப வராது. போர்க் காலத்திலே எம் வடபுலத்தில் தடைப்பட்ட மழைப் பதிவுகளை எண்ணிப் பாருங்கள். எம் வான வரலாற்றிலும் கிழிந்த பக்கங்கள் பல.

கடலுக்கு அப்பால், திருவண்ணாமலையிலே வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி, தெருவில் துணி மினுக்குவோர் கரி எரிப்பதைக் கண்டு, சூரிய ஒளியால் இயங்கும் மினுக்கு வண்டியொன்றை வகுத்தார். 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் கூடிய உலகக் காலநிலை மாநாட்டிலே தலைவர்கள் முன் எழுந்து பேசினார். அவர் தம் வீதியைப் பார்த்தார்; எம் பிள்ளை தம் கிணற்றைப் பார்க்கிறார். இருவருடைய கண்ணும் ஒன்றே.

முறைப்பாடும் சாட்சியமும்

இனி எம் தொழிலுக்கு வருவோம். சுன்னாகத்தில் மின்னிலையமொன்றின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது என்ற வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றதை நீங்கள் அறிவீர்கள். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டை வலியுறுத்தி, பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபா செலுத்தும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. மக்கள் அழுதமையால் மாத்திரம் அத்தீர்ப்பு கிடைத்துவிடவில்லை. கிணற்று நீரை எடுத்துப் பரிசோதித்த அறிக்கைகள் நீதியரசர் முன் இருந்தன. சகோதரர்களே, அளவில்லாத துன்பம் முறைப்பாடு. அளந்து வைத்த துன்பம் சாட்சியம். முறைப்பாட்டுக்கு அனுதாபம் கிடைக்கும். சாட்சியத்துக்கே நிவாரணம் கிடைக்கும்.

"உலகைச் சூடாக்கியவர் பெரிய நாட்டவர், வெங்காயம் நடும் நாம் என்ன செய்தோம்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. இத்தீவு வெளியிடும் புகை உலகத்தின் கணக்கில் மிகச் சிறிது. அப்படியாயின் நாம் யார்? இவ்வழக்கில் எதிராளியல்லோம்; வழக்காளிகள்! வழக்காளிக்குத்தானே ஆதாரம் வேண்டும்?

பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர் 2019இல் ஒரு கோரிக்கையைத் தொடங்கினர். காலநிலையைக் காப்பதில் நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டா என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்கவேண்டும் என்றனர். வனுவாத்து என்ற சின்னஞ்சிறு நாடு அக்கோரிக்கையைத் தோளில் ஏற்றது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றது. 2025 யூலை 23இல் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது: நாடுகளுக்குக் கடமை உண்டு, கடமை தவறினால் பரிகாரம் தேடவும் வழியுண்டு. ஆனால் தவறுக்கும் நட்டத்துக்குமிடையே போதிய நேரடியான, உறுதியான தொடர்பு காட்டப்படவேண்டும் என்றும் அது சொன்னது. அத்தொடர்பை எங்கே காட்டுவோம்? இன்னின்ன ஆண்டில் இக்கிணறு நன்னீர், இன்னின்ன ஆண்டில் இது உவர் என்று எந்த ஏட்டைத் திறந்து காட்டுவோம்? சட்டம் கதவைத் திறந்தாலும் கையில் ஏடில்லாதவன் வாசலில்தான் நிற்பான்.

அரசாங்கத்துக்கும் இதே பாடந்தான். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே வீச்சில் தடை செய்தார்கள். அவ்வாண்டு முடியுமுன்னரே தடையைத் தளர்த்தினார்கள். மண்ணை அளக்காது, கமக்காரனைக் கேளாது இட்ட கட்டளையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

உயிர் காக்கும் செய்தி

இது கிணற்றோடு முடிகிற காரியமுமன்று. 1964 மார்கழிச் சூறாவளியைப் பெரியவர்கள் மறக்கவில்லை. 1978 கார்த்திகையை மட்டக்களப்பு மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இத்தீவில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மலை சரிந்து லயங்களையும் வீடுகளையும் மூடிற்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம் என்று மண்சரிவுக்குப் படிமுறையுண்டு. ஆனால் அச்செய்தி தமிழில், உரிய வேளையில் வந்து சேரவில்லை என்ற குறை அப்போது பலவிடங்களிலும் எழுந்தது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. அது கடிதத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் மாத்திரமான உரிமையன்று. நள்ளிரவில் தாயொருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று அறியும் உரிமையுமாகும். அவ்வுரிமையை ஏட்டில் நிலைநாட்டச் சட்டத்தரணி வேண்டும். மழைமானியிலிருந்து அவளுடைய தொலைபேசி வரை தமிழிலே செய்தியை ஓடச்செய்யத் தொழினுட்பம் அறிந்த பிள்ளை வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் அரைமனிதர்.

நாம் செய்யவேண்டியவை

வெறும் பாராட்டோடு கலைந்து போவது எம் பழக்கம். இன்று அப்படிக் கலையவேண்டாம். இவ்வூருக்கு ஒரு மழைமானியும் ஒரு கிணற்றேடும் வேண்டும். ஏட்டைக் கமக்காரர் அமைப்பு வைத்திருக்கட்டும், பள்ளிக்கூடம் எழுதட்டும். தொழினுட்பம் பயிலும் மாணவர் கருவியைச் செய்து, பிழை பார்த்துத் திருத்தட்டும். அவர்கள் பேருந்துக் காசுக்கும் கருவிச் செலவுக்கும் வீட்டாரிடம் கையேந்த விடாது, கோயிலும் கூட்டுறவுச் சங்கமும் சிறு உதவி செய்யட்டும். தேருக்கு வடம் பிடிக்கும் ஊர் இதற்கும் கை கொடுக்கலாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கிறது. அரச திணைக்களங்களிடமுள்ள மழை, நீர், மண் பற்றிய பதிவுகளை ஒரு சாதாரண குடிமகன் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் எடுக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடும் உண்டு. இவ்வூர் மாணவருக்காக அத்தகைய விண்ணப்பங்களை எழுதித் தரவும், மறுக்கப்பட்டால் வாதாடவும் நாம் ஒரு சதமும் வாங்கமாட்டோம். இதை இச்சபையில் வாக்குறுதியாகவே தருகிறோம்; தவறினால் எம்மைக் கேளுங்கள்.

இறுதியாகத் தாய் தந்தையருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு எமக்கு எந்த உரிமையும் இல்லை. கடனும் கண்ணீரும் உங்களுடையவை. போகிற பிள்ளை போகட்டும், கற்றுக்கொண்டு வரட்டும். ஆனால் இங்கே நிற்க விரும்பும் பிள்ளையை, "இதனால் என்ன பிரயோசனம்?" என்ற ஒரே கேள்வியால் துரத்திவிடாதீர்கள். டொக்டர் மனிதனின் நாடியைப் பிடித்தால் மதிக்கிறோம். நிலத்தின் நாடியைப் பிடிக்கும் பிள்ளைக்கு மாத்திரம் ஏன் அந்த மதிப்பில்லை?

அந்தக் கமக்காரரின் கதையை முடிக்கவில்லையே என்று கேட்பீர்கள். அன்று நாம் ஈட்டுறுதி எழுதவில்லை. "இரண்டு கிழமை யோசித்துவிட்டு வாருங்கள்" என்றோம். அவர் கொப்பியை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம் கிணற்றின் பக்கத்தைத் தேடிப் பார்த்தார். "பிள்ளை, இந்த ஆவணியில ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டார். மகளின் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதற் கேள்வி அதுதானாம். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

இரண்டு கிழமையும் கடந்துவிட்டது. இரண்டு மாதமும் கடந்துவிட்டது. அவர் இன்னும் வரவில்லை. நாளை வரவுங்கூடும். வந்தால் உறுதியை எழுதிக் கொடுக்கவேண்டியது எம் தொழிற் கடமை, எழுதிக் கொடுப்போம். ஆனால் அவர் வருவதும் வராததும் அவர் ஒருவரின் முடிவன்று. இந்தப் பிள்ளை இங்கே நின்றால் இவ்வூர் அதற்குத் துணைநிற்கும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டா இல்லையா என்பதே கேள்வி. அந்த நம்பிக்கையைக் கொடுக்கவேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் நீங்களும், உங்கள் முன் நிற்கும் நாமுமே.

வெள்ளம் வருமுன் அணை கோலுவோம்.